கதவுக்குப் பின்னால் ஒரு கல்

இன்று காலை சமையலறையில் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாதிப் பழம் கை நழுவித் தரையில் விழுந்து, சாறு தெறித்து, உருண்டு போய் மேடைக்கு அடியில் நின்றது. நான் பழத்தை எடுக்கவில்லை. முதலில் துணியைத் தேடினேன். குனிந்து துடைத்துவிட்டு, சாறு விழுந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தேன். கல் அப்படியே இருந்தது. அது கருங்கல், எலுமிச்சை அதை ஒன்றும் செய்யாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் குனிந்தேன் பாருங்கள், அந்தப் பழக்கத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனவர் நீங்கள்தான்.

கை முழுக்க எலுமிச்சை வாசம். அதோடு உங்கள் மஞ்சள் பையும் நினைவுக்கு வந்தது. ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பாட்டில் தண்ணீர், சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய். இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு கல் வாங்கக் கிளம்பிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உங்களுக்கு நான் கடிதமே எழுதியதில்லை. மலைமேல் சித்திரபுரத்தில் இருபத்தாறு வருடம் அடுத்தடுத்த கோட்டர்ஸில் இருந்தோம். நடுவில் ஒரு செம்பருத்தி வேலி, அவ்வளவுதான். எதுவானாலும் வேலிக்கு மேலாகவே பேசிவிடலாம். நான் கரண்ட் ஆபீஸில் ஓவர்சியர். நீங்கள் அதிகாரிகள் வந்து தங்கும் பங்களாவுக்குக் காவல், சமையல், தோட்டம், தரை எல்லாமும். சென்ற ஆடி மழையில் நீங்கள் போனீர்கள். இது மாசி. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், பதில் வராது என்ற தைரியத்தில்.

நீங்கள் சூரியநெல்லியில் தேயிலைக்கு நடுவில் பிறந்தவர். ஆனாலும் பேச்சில் உங்கள் தாத்தா காலத்துத் திருநெல்வேலியை விட்டவரில்லை. நான் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக் காட்டுக்காரன். யாரைக் கண்டாலும் 'ங்க' போட்டுத்தான் பேச வரும். "வே ஓவர்சியரே, எங்க வீட்டு நாய்க்கும் 'ங்க' போடுதீரே! அது கடிக்கவா வாலாட்டவான்னு தெரியாம முழிக்கி" என்று சிரிப்பீர்கள். கடைசி வரை நீங்கள் எனக்கு 'வே' போட்டீர்கள், நான் உங்களுக்கு 'ங்க' போட்டேன். இரண்டுக்கும் சரியாகப் போயிற்று.

அந்தப் பங்களாவின் கூடத்தில் வெள்ளை மார்பிள், வராந்தாவில் பச்சை ஓடிய கோட்டா கல். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நீங்கள் செய்த காரியத்தை நீங்களே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். பெரிய அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வருகிறார் என்று தகவல். பித்தளைக் குத்துவிளக்கை எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது, கல் மட்டும் பளபளக்காதா என்று கணக்குப் போட்டீர்கள். அரை மூட்டைப் பழத்தைப் பிழிந்து கூடம் முழுக்கத் தேய்த்தீர்கள். ஈரம் காய்ந்ததும் தரைக்குத் தேமல் வந்தது போல் அங்கங்கே மங்கிப்போய்க் கிடந்தது. அதிகாரி இருந்த மூன்று நாளும் அந்தத் தேமலின் மேல் ஜமுக்காளம் விரித்து, ஜமுக்காளத்தின் மேல் நாற்காலி போட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் நீங்களே நின்றுகொண்டிருந்தீர்களாம்.

"கல்லை ரெண்டு சாதியாப் பிரிக்கணும் வே. மார்பிளு, கோட்டா எல்லாம் சுண்ணாம்புல பிறந்த கல்லு, கருங்கல்லு தீயில பிறந்த கல்லு. சுண்ணாம்புக் கல்லுக்குப் புளிப்பு ஆகாது. புளி, எலுமிச்சை, ஆசிட்டு, எது பட்டாலும் தோலு உரிஞ்சிரும்." இதைச் சொல்லும்போது நீங்கள் பங்களாவின் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். முதலில் பூந்துடைப்பத்தால் மணலை எடுத்துவிட்டு, பிறகு பிழிந்த ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. மணலோடு ஈரத் துணி போட்டால் அது துடைப்பதல்ல, தேய்ப்பது என்பீர்கள். எனக்கு அது அன்று வேடிக்கையாக இருந்தது. தரைக்கு இவ்வளவு உபசாரமா என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரி மயிலா விழுந்தது அந்த ஊர் மழையில்தான். யார் மேலும் குற்றமில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் பின்வாசலுக்கு ஓடினாள். பாசி படிந்த கல்லில் கால் வழுக்கிப் போயிற்று. சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி எனக்கு முன்னால் ஓடிவந்தவர் நீங்கள். இரண்டு பேருமாக அவளைத் தூக்கி ஜீப்பில் கிடத்தினோம். இடுப்பெலும்பு. ஆபரேஷன் ஆயிற்று, எலும்பும் கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் பயம் கூடவே தங்கிவிட்டது. சுவரைப் பிடிக்காமல் ஓரடி வைக்க மாட்டாள். ஒரு கை எப்போதும் சுவரில் இருக்கும். கோட்டர்ஸ் சுவரில் அவள் கை உயரத்துக்கு அழுக்குக் கோடு ஒன்று விழுந்தது. சுண்ணாம்பு அடித்தாலும் இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிடும்.

நான் ரிட்டயர் ஆகி ஊரில் வீடு கட்டத் தொடங்கியபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்கு மாடி வேண்டாமுங். சோபா வேண்டாமுங். செவுத்தப் புடிக்காம நடக்கறாப்பல ஒரு தரை போட்டுக் குடுங்க, போதும்." முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அநேகமாக அது ஒன்றுதான். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் எனக்கு வேறொரு ஆசை இருந்தது. என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் கறுப்புக் கிரானைட். கண்ணாடி மாதிரி. குனிந்தால் மீசை தெரியும். ஊருக்குப் போகும் போதெல்லாம் நானும் யாரும் பார்க்காதபோது குனிந்து பார்த்திருக்கிறேன். அண்ணன் ஊரிலேயே இருந்து, காட்டில் வெள்ளாமை பார்த்துச் சம்பாதித்தான். நான் மலைமேல் யாருடைய தரையிலோ இருபத்தாறு வருடம் நடந்துவிட்டு வந்தவன். அவன் வீட்டில் தெரிகிற முகம் என் வீட்டிலும் தெரிய வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

கல் பார்க்க, சொந்த ஊருக்கே திரும்பியிருந்த நீங்கள் சூரியநெல்லியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தீர்கள். கஞ்சிக்கோட்டு ரோட்டில் வரிசையாக இருந்த கல் கடைகளில் நீங்கள், நான், மயிலா மூன்று பேரும் ஏறி இறங்கினோம். நீங்கள் கடைக்காரரிடம் விலை கேட்கவில்லை. "சின்னத் துண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கி, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். பத்து நிமிடத்தில் சொட்டு இருந்த இடம் கறுத்தால் அந்தக் கல் உள்ளே இழுக்கிறது என்று பொருள். பிறகு எலுமிச்சையைப் பிழிவீர்கள். கோட்டா கல் துண்டைத் துடைத்ததும் சாறு பட்ட இடம் மட்டும் மங்கியிருந்ததைக் காட்டி, "பாத்தீரா? ரசம் வைக்கிற வீட்டுக்கு இது சரிப்படாது. பெட்ரூமுக்கு வேணா போடலாம்" என்றீர்கள். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இது கல்லுக் கடையா சர்பத்துக் கடைங்களா?" என்று கேட்டார். மயிலா சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசிச் சோதனை அவளுக்கு. கடை முற்றத்தில் கிடந்த பலகைகளில் தண்ணீரை ஊற்றச் சொன்னீர்கள். "மதினி, செருப்பைக் கழத்திட்டு ஏறுங்க." பளபளத்த கறுப்புப் பலகையில் கால் வைத்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. அடுத்தது சாம்பல் நிறக் கருங்கல். மேல் தோலைத் தீயால் சுட்டு உதிர்த்துச் சொரசொரப்பாக்கியது. அதில் ஏறி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு என் கையை விட்டாள். மூன்றடி போனாள், திரும்பி வந்தாள்.

"இது காலக் கடிக்குதுங்கண்ணா" என்றாள்.

"காலைக் கடிக்கிற கல்லு ஆளைத் தள்ளாது மதினி" என்றீர்கள்.

அதுதான் என்று முடிவாயிற்று. ஒரே பாறையில் அறுத்த பலகைகளாகப் பார்த்துப் பொறுக்கி, நிறம் மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸால் எண் போட்டு, போடும்போது அந்த வரிசை கலையக் கூடாது என்று என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு மாலை பஸ்ஸில் ஏறினீர்கள்.

மறுநாள் அண்ணன் வந்தான். கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பலகையைக் காலால் தேய்த்துப் பார்த்தான். "ஏன்டா, பென்ஷன்காரன் ஊடு மாட்டுக்கொட்டாயாட்டம் இருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். மீதியை எல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் வாசலுக்கும் நீங்கள் எண் போட்டது. கூடத்துக்குக் கண்ணாடிக் கறுப்பு. கடைக்காரரிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

தரை போட்டு முடித்த அன்று மயிலா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கூடத்தைப் பார்த்தாள். "பளபளன்னு இருக்குதுங்க" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் என் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

புதுமனை புகுவிழா தை மாதத்தில். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல: வீட்டுக்காரருக்கு முன்னால் பசுவும் கன்றும் உள்ளே போக வேண்டும். விடிந்து பொழுது கிளம்புகிற நேரம். பங்காளி வீட்டுச் செவலைப் பசுவுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலின் சொரசொரப்புக் கல்லில் ராணி போல ஏறிவிட்டது. நிலையைத் தாண்டி முன்னங்காலைக் கூடத்தில் வைத்தது. குளம்பு சர்ரென்று போயிற்று. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தது. தரையிலிருந்து இன்னொரு பசு அதைப் பார்த்தது. அதற்குப் பிறகு அது அசையவில்லை.

பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. "மாடு உள்ள போகமாட்டீங்குது" என்று ஒருவர் சொல்ல, "சகுனம் செரியில்லீங்" என்று இன்னொருவர் சொல்ல, அண்ணன் கயிற்றை வாங்கி இழுத்தான். பசு இரண்டு முன்னங்காலையும் ஊன்றப் பார்த்தது. இரண்டும் வழுக்கி முழங்கால் மடிந்தது. கன்று கத்தியது.

"ஏய், இழுக்காதீங்க! கால் ஒடிஞ்சிரும்!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். நீங்கள். வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக வந்தவர், பந்தலுக்குப் பின்னால் போய், காய்கறி வந்த கோணிச் சாக்குகளை உதறி எடுத்து, தொட்டியில் முக்கிப் பிழிந்து, நிலையிலிருந்து சமையலறை வரைக்கும் ஒன்றையொட்டி ஒன்றாக விரித்தீர்கள். ஈரச் சாக்கு தரையைப் பிடித்துக்கொண்டது. பசு முகர்ந்து பார்த்தது. ஒரு கால் வைத்தது, மறு கால் வைத்தது, நிதானமாக உள்ளே நடந்து போயிற்று. எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

நீங்கள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் அண்ணன், பங்காளிகள், சம்பந்தி வீட்டார் எல்லாரும் நிற்கிற இடத்தில், ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "மாட்டுக்குச் சாக்கு விரிச்சாச்சு வே. மதினிக்கு எத்தனை நாளைக்கு விரிப்பீரு?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. "விருந்துக்கு வந்தீங்க, சாப்புட்டுட்டுப் போங்க. என்ற ஊட்டுத் தரையப் பத்தி உங்களுக்கென்னுங்க?" என்றேன். அன்று நான் போட்ட 'ங்க'வில் மரியாதை இல்லை. உங்களுக்கும் அது தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். இலையை மடித்தீர்கள். மயிலாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தீர்கள்.

விருந்து முடிந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தபோது மயிலா சாக்குகளை மட்டும் எடுக்க விடவில்லை. "கெடக்கட்டுமுங்க" என்றாள். கெட்டிக்காரி. சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் அந்தச் சாக்குப் பாதையில்தான் நடந்தாள், அதுவும் சுவரைத் தொட்டுக்கொண்டு. பாதை தாண்டி டிவி பக்கம், ஜன்னல் பக்கம் வரவே மாட்டாள். நான் ஆசைப்பட்டுப் போட்ட கண்ணாடித் தரையின் குறுக்கே காய்கறி மூட்டைச் சாக்கு. யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் நான் ஓடிப் போய்ச் சுருட்டி அறைக்குள் போடுவேன். அவர்கள் போகும் வரைக்கும் அவள் சமையலறையிலேயே இருந்துவிடுவாள்.

தரையாவது சொன்ன பேச்சுக் கேட்டதா என்றால் அதுவும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா இருக்குமா? மார்கழியிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும். காலை துடைத்தால் மத்தியானம் ஒவ்வொரு காலடியும் அச்சு அச்சாகத் தெரியும். நானே துடைத்தேன். மணலைப் பெருக்காமல் ஈரத் துணியைப் போட்டுத் தேய்த்து, வாசல் பக்கம் மயிர்க் கோடுகளாகக் கீறல் விழவும் செய்தேன். நீங்கள் சொன்னது அப்போதெல்லாம் ஞாபகம் வரும். வந்தாலும் போன் எடுக்க மாட்டேன். வீம்பு.

மயிலாவோடு மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து வந்து நீங்கள் போனில் பேசுவது எனக்குத் தெரியும். "சாக்கு எப்படி இருக்கு மதினி?" என்று கேட்பீர்களாம். "சௌக்கியமா இருக்குதுங்கண்ணா" என்பாள். என்னைப் பற்றி நீங்கள் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தீபாவளியன்று அண்ணன் குடும்பத்தோடு வந்தான். வழக்கம் போலச் சாக்கைச் சுருட்டி வைத்தேன். அண்ணன் குனிந்து தரையைப் பார்த்து, "இப்பத்தான் ஊடு ஊடாட்டம் இருக்குது" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அண்ணி, "மயிலா எங்கீங், வரச் சொல்லுங்க, ஒண்ணா உக்காந்து பலகாரம் திங்கலாம்" என்றாள். "அடுப்புல வேலை இருக்குதுங்க, நீங்க சாப்புடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அடுப்பு அணைந்திருந்தது. மேடையில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டுக் கூடத்துக்கு வர அவளுக்கு வழியில்லை. வழியைச் சுருட்டி வைத்தவன் நான்.

அவர்கள் கிளம்பிப் போனதும் உங்களுக்குப் போன் போட்டேன். பத்து மாதமாகப் பேசாதவன் என்ன சொல்லித் தொடங்குவது? "தரையத் தேய்க்கற மெஷின்காரரு யாராச்சும் தெரியுமுங்களா?" என்றேன்.

"எத்தனை சதுரடி வே?" என்றீர்கள்.

எப்படி இருக்கிறீர் என்று நீங்கள் கேட்கவில்லை, மன்னிச்சுக்குங்க என்று நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அடிமாலிப் பக்கத்து மெஷின்காரர் ஒருவரோடு வந்து இறங்கினீர்கள். மூன்று நாள். சுவருக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தார்கள். கூடம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கல் கரைந்த தண்ணீர் பால் போல ஓடியது. பளபளப்பு ஏற்றுவதற்குத் தேய்ப்பார்கள்; பளபளப்பை இறக்குவதற்குத் தேய்ப்பதை மெஷின்காரர் அதுவரை செய்ததில்லை. "காசு குடுத்துப் போட்ட பாலிஷைக் காசு குடுத்து எடுக்குதீகளே" என்று உங்களிடம் புலம்பினார். "வீட்டுக்காரர் கோளாறு. கல்லு பாவம், அது என்ன செய்யும்" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வர என்ன யோக்கியதை இருக்கிறது.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நனைத்துக்கொண்டு, அதில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்ப்பீர்கள். போதாது என்று தோன்றினால் இன்னொரு தரம். மூன்றாம் நாள் தரை காய்ந்தபோது கண்ணாடி போய்விட்டிருந்தது. கறுப்பு, மழைக்கு முந்தின மேகம் மாதிரி சாம்பலோடிய கறுப்பாகி இருந்தது. பாலிஷ் போன கல் எண்ணெயைக் குடிக்கும் என்று சொல்லி, கறை இறங்காமலிருக்க மேலே ஒரு மருந்தை இரண்டு தடவை பூசி, ஒரு நாள் முழுக்க யாரையும் மிதிக்க விடாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள்.

பிறகுதான் கவனித்தேன். தலைவாசல் கதவுக்குப் பின்னால், மூலையில், ஒரு கல் மட்டும் அப்படியே கண்ணாடியாகக் கிடந்தது.

"இது விட்டுப்போச்சுங்களே" என்றேன்.

"விட்டுப்போகல. விட்டு வச்சிருக்கேன்" என்றீர்கள். "அது உமக்கு. ஆசைப்பட்டீருல்லா? தெனம் குனிஞ்சு உம்ம மூஞ்சியைப் பாத்துக்கிடும்."

மயிலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் முறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, நானும் சிரித்துவிட்டேன். பத்து மாதத்துக்கும் சேர்த்து மூன்று பேரும் சிரித்தோம்.

அவள் அன்றைக்கே நடந்துவிடவில்லை. சாக்குகளைத் துவைத்துக் காயவைத்து, மடித்துப் பரணில் போடச் சொன்னாள். பிறகு கூடத்தில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்று ரோட்டைப் பார்த்தாள். "செவுத்தை விடுங்க மதினி" என்று நீங்கள் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்த்தேன். நீங்கள் சொல்லவில்லை. "பழகட்டும் வே, அவசரப்படுத்தாதீரும். கல்லு தன் வேலையைச் செஞ்சாச்சு" என்று மெதுவாக என்னிடம் சொன்னீர்கள். கிளம்பும்போது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உங்கள் கோழிக் கிறுக்கலில் எழுதிச் சமையலறையில் ஆணி அடித்து மாட்டினீர்கள். ஆசிட் கூடாது, சோடா உப்புக் கூடாது, வாளித் தண்ணீருக்கு இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு போதும், எண்ணெய் கொட்டினால் பதறாமல் முகப் பவுடரைக் கொட்டி ஒரு நாள் மூடி வை. கடைசி வரி: "முதலில் மணல். எப்போதும் முதலில் மணல்."

அடுத்த ஆடியில் உங்கள் மகன் போன் செய்தான். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. மலையில் ஒரே மழை, மயிலாவைக் கூட்டிவர முடியவில்லை, நான் மட்டும் வந்தேன். மாதா கோவிலில் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோட்டா கல், நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள். ஈரக் காலோடு வந்தவர்கள் யாரும் வழுக்கி விழவில்லை. பஸ்ஸில் திரும்பும் வழியில், சித்திரபுரத்துப் பங்களாவுக்குப் பிரிகிற ரோட்டைத் தாண்டியபோதுதான் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டார், சாரல் என்று நினைத்துக்கொண்டு.

கல்லறைக்கு எந்தக் கல் போடலாம் என்று உங்கள் மகன் பிறகு கேட்டான். "மாமா, அப்பாவுக்குப் பளபளப்பு ஆகாதே" என்றான். பளபளப்பே போடு என்று சொன்னேன். அதில் யாரும் நடக்கப் போவதில்லை. உங்கள் ஊர்ப் பனியில் சொரசொரப்புக் கல்லில் நாலு மாதத்தில் பாசி ஏறிவிடும், பாலிஷ் போட்ட கருங்கல் என்றால் ஒரு துணியில் துடைத்துவிடலாம். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுண்ணாம்புக் கல்லை உங்கள் மேல் வைக்க விட்டிருந்தால் எழுந்தே வந்திருப்பீர்கள்.

கார்த்திகை தீபத்தன்று அகல் ஒன்று கவிழ்ந்து கூடத்தில் எண்ணெய் கொட்டியது. உங்கள் காலண்டர் தாளைப் படித்து, மயிலாவின் பவுடர் டப்பாவை முக்கால்வாசி காலி செய்தேன். மறுநாள் பெருக்கி எடுத்தபோது கறையில்லை. அவள் பவுடருக்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சுவரை மட்டும் அவள் அப்போதும் விடவில்லை.

சனிக்கிழமைதோறும் தரை என் வேலை. பூந்துடைப்பம், பிழிந்த துணி, காய்ந்த துணி. கடைசியாகக் கதவைச் சாத்திவிட்டு அந்த மூலைக் கல்லுக்கு வருவேன். அதற்குத் தனித் துணி. அதையும் தேய்த்து மற்றதோடு சேர்த்துவிடலாமா என்று ஒரு முறை மயிலாவிடம் கேட்டேன். "அது அண்ணன் உங்களுக்குக் குடுத்ததுங்க, நான் எப்புடிச் சொல்றது" என்றாள். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உங்களிடம் நான் தப்பு என்று சொன்னதேயில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. நேரில் இருந்தபோது அது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது. இப்போது சொல்கிறேன். தப்பு என்னுடையது. பசு சரியாகச் சொன்னது, நீங்கள் சரியாகச் சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை.

இன்றும் சனிக்கிழமை. விழுந்த பாதிப் பழத்தைக் கழுவி மயிலாவிடம் கொடுத்துவிட்டுத் துணியோடு கூடத்துக்கு வந்தேன். மாசி வெயில் இப்போதே கொளுத்துகிறது, ஜூஸ் போட்டு எடுத்துவருகிறேன் என்றாள். எல்லாம் துடைத்து முடித்து, கதவுக்குப் பின்னால் மண்டியிட்டு உங்கள் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் முகம் தெரிந்தது. மீசை முழுக்க நரைத்துவிட்டது. முகத்துக்குப் பின்னால், கல்லுக்குள், கூடத்தின் நடுவில் இரண்டு கால்கள் வருவது தெரிந்தது. வெறுங்கால்கள். நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் நின்றுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அசையாமல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையிலும் டம்ளர்கள் இருந்தன. சுவர் ஏழெட்டு அடி தள்ளி இருந்தது.